என் மகளுக்குக் கிடைத்த ஃபேமிலி ரூம்

போன வருடம் முதல் போக அறுவடை முடிந்து, கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் எங்கள் வயல்களெல்லாம் மொட்டையாகக் கிடந்த சமயம். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மகளைக் காட்டிவிட்டு, அவளுக்கு வேண்டிய மருந்துச் சாமான்களை வாங்குவதற்காக நானும் என் கணவரும் எங்கள் ஊருக்குப் பக்கத்து டவுனான சித்தூரில் இறங்கியிருந்தோம். நல்ல மத்தியான வெயில். காலையிலிருந்து இரண்டு பேரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. "வா புள்ள, ரெண்டு வாய் தின்னுட்டுப் போலாம். ஊட்டுக்குப் போயி நீ எப்ப ஒல வெக்கறது?" என்று சொல்லிக்கொண்டே என் கணவர் எதிரே இருந்த ஓட்டலுக்குள் நுழைந்துவிட்டார். எனக்கு உள்ளே போகவே மனமில்லை. காரணம் என் மகள்தான்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குறைமாதத்தில் பிறந்தவள். பிறந்ததிலிருந்தே மூக்கு வழியாக ஒரு டியூப். அதில்தான் பாலும் வடிகட்டிய கஞ்சியும் சிரிஞ்சால் விடுவோம். கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டி, டியூப்பின் மிச்சத்தைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டிருப்போம். அப்போது அவளுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. ஓடுவாள், சிரிப்பாள், எங்கள் வீட்டுக் கோழிகளை அதட்டுவாள். ஆனால் வாய்க்குப் பக்கத்தில் ஒரு விரலைக் கொண்டுபோனால் போதும், உடம்பு விறைத்துவிடும். ஸ்பூனைப் பார்த்தாலே குமட்டுவாள். விழுங்குவதில் கோளாறு ஒன்றும் இல்லையாம், பயம்தானாம். பிறந்தது முதல் வாய்ப்பக்கம் வந்ததெல்லாம் டியூப்பும் வலியும்தானே, பிறகு எப்படி நம்பி வாயைத் திறப்பாள் என்று டாக்டர் கேட்டார்.

அன்று அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். மூக்கு டியூப்பை இப்படியே வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. பொங்கல் கழிந்து வரும்போது அவள் வாயால் கொஞ்சமாவது சாப்பிட ஆரம்பித்திருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் வயிற்றில் துளை போட்டு அங்கே டியூப் வைப்பதுதான் நல்லது. நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் துளை என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் காதில் ஏறவில்லை. வழியெல்லாம் அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தேன்.

ஓட்டலில் நல்ல கூட்டம். எங்களுக்கு எதிர் நாற்காலியில் ஒரு லாரிக்காரர், கனத்த உடம்பு, இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனிதர் சாப்பிட்ட விதம் இருக்கிறதே, அடடா! பப்படத்தை உள்ளங்கையில் வைத்து நொறுக்குகிறார், சோற்றோடு பிசைகிறார், கண்ணை மூடிக்கொண்டு மெல்லுகிறார். என் மகள் மடியில் உட்கார்ந்துகொண்டு அவர் வாயையே பார்த்தாள். எனக்கானால் கூச்சம். அவள் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினேன். உடனே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் பார்த்தால், அவள் தாடை அசைகிறது. அவர் மென்றால் இவளும் மெல்லுகிறாள். வெறும் வாயை!

அவரும் கவனித்துவிட்டார். டியூப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். "என்ன அம்மிணி, மாமன் சோத்துல கண்ணு வெச்சுட்டியாட்ட இருக்குது?" என்று சிரித்து, பப்படத்தில் ஒரு துண்டை ஒடித்து அவள் முன்னால் மேசை மேல் வைத்தார். வைத்துவிட்டு அவர்பாட்டுக்குச் சாப்பிட்டார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் அதை எடுத்தாள். நக்கினாள். நாக்கில் ஒட்டிக்கொண்டது. இதோ குமட்டப்போகிறாள் என்று நான் துணியை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். அவள் குமட்டவில்லை. அது கரைந்து உள்ளே போனது. மறுபடி நக்கினாள்.

நான் அழுதுவிட்டேன். நாலு பேர் சாப்பிடுகிற இடமென்றும் பார்க்காமல் அழுதேன். அந்த மனிதர் பதறிப்போய், "ஏனுங்க அம்மா, நாந் தெரியாமக் குடுத்துப்போட்டனுங்களா?" என்றார். என் கணவர்தான் விஷயத்தைச் சொன்னார். கேட்டுவிட்டு அவர் இலையை மடித்துக்கொண்டு எழுந்தார். "அப்பத் தெனமும் கூட்டியாங்க. இங்க திங்கறவனெல்லாம் மாமந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்து மத்தியானம் ஆனால் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். அதே ஓட்டல், நடுக்கூடம். நான் ஒரு சாப்பாடு சொல்வேன். அவள் சுற்றியிருப்பவர்களைப் பார்ப்பாள். கல்லூரிப் பிள்ளைகள், வழக்குக்காக வந்தவர்கள், சந்தைக்கு வந்தவர்கள் என்று எல்லோரும் அவரவர் இலையில் மும்முரமாக இருப்பார்கள். அவர்கள் கை வாய்க்குப் போனால் இவள் கையும் வாய்க்குப் போகும். பப்படத் துணுக்கில் ஆரம்பித்து, பரோட்டாவின் மொறுமொறு ஓரம், ரசத்தில் நனைத்த பப்படம் என்று போய், ஒரு நாள் நாலைந்து பருக்கை சோறே உள்ளே போய்விட்டது. வீட்டில் அதே பப்படத்தைப் பொரித்துக் கொடுத்தால் வாயை இறுக மூடிக்கொள்வாள். "ஓட்டல் சோத்துலதான் இவள வளத்தோணுமாட்ட இருக்குது" என்று என் கணவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவள் சமத்தாக உட்கார்ந்து சாப்பிடுகிற குழந்தை இல்லை. இருமுவாள். துப்புவாள். சில நாள் ஓங்கரித்துக் கொஞ்சம் வாந்தியும் எடுப்பாள். எல்லாவற்றுக்கும் நான் துணி கொண்டுபோவேன். மேசையானாலும் தரையானாலும் நானே துடைப்பேன், ஒரு நாளும் அடுத்தவரைத் துடைக்க விட்டதில்லை. சப்ளை செய்கிற வங்காளத்து ஆள்கூட "ரஹ்னே தோ தீதி", விடுங்க அக்கா என்று இந்தியில் தடுப்பான். ஆனாலும் பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவருக்கு அருவருப்பாகத்தானே இருக்கும்? இருக்கும். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் போனேன். எனக்கு வேறு வழி இல்லை.

கார்த்திகை வாக்கில் முதலாளி ஓட்டலைப் புதுப்பித்தார். புது மேசைகள், கண்ணாடிக் கதவு, உள்பக்கம் ஏ.சி. போட்ட ஃபேமிலி ரூம். நம் பக்கத்து ஓட்டல்களில் அது என்னவென்று தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். பலகைத் தடுப்பு வைத்த சின்ன அறை, வாசலில் ஒரு திரை. உள்ளே யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வெளியே தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே எதுவும் தெரியாது.

ஒரு நாள் நான் நுழைந்ததும் முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். எங்களைப் போலவே தமிழ் பேசுகிறவர், என்னைவிட இளையவர். சொல்லத் தயங்கி, கடைசியில் போனை நீட்டினார். யாரோ என் மகளைப் படமெடுத்து, அந்த ஓட்டலைப் பற்றி மோசமாக எழுதி, ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். சாப்பிடும்போது இதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று கீழே மலையாளத்தில். படத்தில் என் மகளின் கன்னம், பிளாஸ்டர், டியூப், வாய்க்குள்ளே பாதி கரைந்த பப்படம். எனக்கு முதலில் கண்ணில் பட்டது, அவள் வாய் எவ்வளவு பெரிதாகத் திறந்திருக்கிறது என்பதுதான்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. எனக்கும் புள்ளைங்க இருக்குதுங்க. ஆனாப் பாத்துட்டு ரெண்டு மூணு பேரு பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஃபேமிலி ரூம் சும்மாதானுங்க கெடக்குது. தெனமும் அங்கயே ஒக்காந்துக்கங்க" என்றார்.

"அங்க ஆளே இல்லீங்களே?" என்றேன்.

"அதுதானுங்க நல்லது. பாப்பாவுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

எனக்கு எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நாலு பேர் சாப்பிடுவதைப் பார்த்தால்தான் இவள் வாய் திறக்கும் என்று விளக்கிச் சொன்னேன். அவர் அக்கறையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு யோசித்தார். "அப்ப ஒண்ணு பண்ணலாமுங்க. உள்ளார ஒரு டி.வி. மாட்டி விடறேன். யாராச்சும் திங்கற மாதிரி ஏதாச்சும் போட்டு வுட்டாப் போச்சு" என்றார். சொன்னபடியே மாட்டியும் விட்டார். அவரை நான் எப்படித் திட்டுவது? கெட்டவராக இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

என் கணவர் விடவில்லை. மறுநாள் அவரே வந்து, சின்னக் குழந்தையைக் கூடத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கல்லா முன்னால் நின்று கத்தினார். "சட்டமெல்லாம் எனக்குத் தெரியாதுங்கண்ணா. கடைக்கு ஆளு வரோணும், அவ்வளவுதானுங்க" என்று முதலாளி கையைக் கூப்பினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை இலையில் வைத்தபடி எங்களையே பார்த்தார்கள். என் மகளையும் பார்த்தார்கள். அவள் முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டாள்.

ஃபேமிலி ரூமில் உட்கார்ந்தோம். திரையை இழுத்து விட்டார்கள். டி.வி.யில் ஒரு பெண் எதையோ வாயில் போட்டு, கண்ணை உருட்டி, ஆகா என்றாள். என் மகள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேசையைத் தட்டினாள். வெளியே தட்டுச் சத்தம், சாம்பார் வாளிச் சத்தம், ஆட்கள் பேசுகிற சத்தம் எல்லாம் கேட்டது. அவள் மடியிலிருந்து இறங்கி, திரையின் அடியில் தலையை நுழைத்து எட்டிப் பார்த்தாள். வங்காளத்துக்காரன் சிரித்துக்கொண்டே அவளைத் தூக்கி என்னிடம் கொடுத்தான். மறுபடி போனாள், மறுபடி தூக்கிக்கொண்டு வந்தான். சில நாட்கள் இப்படியே போனது. ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை. கடைசி நாள் அவள் போகாதபடி நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் திமிறி, அலறி, வாந்தியெடுத்து, கையால் இழுத்த இழுப்பில் டியூப்பே வெளியே வந்துவிட்டது. மறுபடி ஆஸ்பத்திரி. மறுபடி நாலு பேர் கையைக் காலைப் பிடித்துக்கொள்ள மூக்கில் டியூப் ஏற்றினார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

பாலக்காட்டுக்குப் போய் வேறு ஓட்டல்களில் முயன்றோம். ஓரிடத்தில் வாசலிலேயே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேசை காலி இல்லை என்றார்கள். கண்ணுக்கு எதிரே இரண்டு மேசை காலியாக இருந்தது. ஓரிடத்தில் கூட்ட நேரத்தில் குழந்தைகளைச் சேர்ப்பதில்லையாம். இன்னொரு பெரிய ஓட்டலில் குழந்தைகளுக்கென்று தனியிடமே இருந்தது. கலர் பந்துகள், சறுக்கு, சுவரில் யானைப் படம், எல்லாம் கடைசி மூலையில், சாப்பிடுகிறவர்கள் கண்ணில் படாத தூரத்தில். எங்களை அங்கேதான் அனுப்பினார்கள். நல்ல இடம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் மகள் பந்தை எடுத்து வாயில் வைத்துப் பழக வேண்டியவளா என்ன?

வீட்டிலேயே பார்ப்போம் என்று, இரண்டாம் போக வயலில் களையெடுக்க வந்த பெண்களை உட்காரவைத்துச் சோறு போட்டோம். எனக்கு அப்போது எவ்வளவு நம்பிக்கை தெரியுமா! பப்படம் ஒரு கூடை பொரித்தேன். பாவம், அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் யாருக்கும் சோறு இறங்கவில்லை. "தின்னு சாமி", "ஒரு வாய் தின்னு கண்ணு", "அய்யோ, இந்தப் புள்ளைக்கு என்ன தலையெழுத்தோ" என்று எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓட்டலில் யாரும் அவளுக்காகச் சாப்பிடவில்லை, தங்கள் பசிக்குச் சாப்பிட்டார்கள். அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்குப் பூராவும் அவள் வாயைப் பொத்தியபடியே இருந்தாள்.

பொங்கல் கழிந்தது. டாக்டர் எடை பார்த்தார், என்னென்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். நான் பழைய கதையையெல்லாம் சொன்னேன், பப்படம், பரோட்டா, ரசம், நாலைந்து பருக்கை. "இப்போது?" என்றார். இப்போது ஒன்றும் இல்லை என்று என் கணவர்தான் சொன்னார். வயிற்றில் டியூப் வைத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் மூக்கைத்தான் தடவிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லாததால் சிரித்தாள். பிறகு கை கீழே, வயிற்றுக்கு வந்தது.

சித்திரை விஷு சமயத்தில் மருந்துக் கடைக்காகச் சித்தூர் போயிருந்தோம். அந்த ஓட்டல் முதலாளி ரோட்டில் எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். என் மகள் அப்போது கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முகத்தில் பிளாஸ்டர் இல்லை, டியூப் கவுனுக்குள் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. "அட, அம்மிணிக்கு நல்லாயிருச்சா!" என்று அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். நல்லாயிருச்சு என்று நானும் சொல்லிவைத்தேன். நடுத்தெருவில் நின்று வேறென்ன சொல்வது? விடமாட்டேனென்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். குழந்தைகள் உட்காருவதற்கென்று உயரமான நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருந்தார், சிவப்பு நிறத்தில், முன்னால் ஒரு தட்டும் வைத்தது. அதைத் தானே தூக்கிவந்து, கூடத்தின் சுவரோரம் நாங்கள் உட்கார்ந்த மேசைக்குப் போட்டு, அவளை உட்கார வைத்தார். சுற்றிலும் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. நான் எதற்காக எல்லா ஓட்டல் வாசலிலும் நின்றேனோ, அது அப்படியே அங்கே இருந்தது.

என் மகள் ஒரு முறை எல்லோரையும் பார்த்தாள். பிறகு அந்த நாற்காலியிலேயே உடம்பை முறுக்கி, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் திருப்பி உட்கார வைத்தேன். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, மெதுவாக மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சாப்பிடும் இடத்தில் தான் அப்படித்தான் உட்கார வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி. பப்படம் கொண்டுவந்த முதலாளி அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "ஏனுங்கக்கா, இப்பத்தான் எல்லாரும் இருக்காங்களே?" என்றார். நான் அன்று சொன்னதை மனிதர் மறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. என் கணவர் எழுந்து கை கழுவப் போனவர், வெகுநேரம் வரவில்லை.

சின்னக் குழந்தைகளை ஓட்டல்களில் சேர்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் போடலாமா, கூடாதா என்று சில நாட்களுக்கு முன் டி.வி.யில் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் சட்டென்று அணைத்துவிட்டார். இடம் கொடு என்று சட்டம் சொன்னால் கொடுப்பார்கள்தான். எங்களுக்கும் கொடுத்தார்கள், ஏ.சி.யும் டி.வி.யுமாகக் கொடுத்தார்கள். நாலு பேர் சாப்பிடும் மேசையில் ஐந்தாவது ஆளாக உட்கார என் மகள் ஆசைப்பட்டது அந்தக் கொஞ்ச நாட்கள்தான், இப்போது அவளுக்கு அந்த ஆசையே இல்லை என்பதைத்தான் என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.